கட் கார்னர்ஸ் என்றால் மூலையை வெட்டுவதா?



மெக்கானிக்கல் பையன் ஆண்டு மலரில் எழுதுகிறான் என்றால் டீசல் இன்ஜின் பற்றியோ சி.என்.சி. மெஷின் பற்றியோதான் இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். இது ஆங்கிலப் பாடம். அதுவும் ஒரு சீனரிடம் நான் கற்ற ஆங்கிலப் பாடம். "முதல் வருஷ இங்கிலீஷ்ல அரியர் வெச்சவன் நமக்குப் பாடம் எடுக்க வந்துட்டான்டா" என்று என் வகுப்புத் தோழர்கள் சிரிப்பது காதில் விழுகிறது. உண்மைதான், அரியர் இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். விழுந்தவனுக்குத்தானே பள்ளம் எங்கே இருக்கிறதென்று தெரியும்?

நான் பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். அப்பா கொத்தனார், அம்மா சித்தாள் வேலை. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். வீட்டில் ஆங்கிலம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது. இங்கே படிக்கிற உங்களில் பலர் வீடும் அப்படித்தான் என்பது எனக்குத் தெரியும். அதனால் கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

நடந்தது என்ன?

இரண்டாம் ஆண்டு முடிந்த விடுமுறையில் ஒரு தொழிற்சாலைக்கு இரண்டு வாரப் பயிற்சிக்குப் போனேன். அப்போது அங்கே சீனாவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் மெஷின் புதிதாக வந்து இறங்கியிருந்தது. அதைப் பூட்டி ஓட்டிக் காட்ட ஒரு சீனத் தொழில்நுட்பரும் வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். வந்த மூன்றாம் நாளே ஷாப் ஃப்ளோரில் எல்லாரும் சொல்வதைக் கேட்டு என்னை "தம்பி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நான் அவரை "சார்" என்பேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. நடுவில் இருந்தது ஆங்கிலம். அதுவும் இரண்டு பேருக்கும் அரைகுறை.

ஒரு நாள் அவசரமாக 12 ஸ்பேசர் தேவைப்பட்டது. லேத்தில் கடைந்து தரும் வேலை எனக்கு வந்தது. சூப்பர்வைசர் சார் நம்ம ஊர்க்காரர்தான். ஆனால் சீனத் தொழில்நுட்பர் பக்கத்தில் நின்றதால், இருவருக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்திலேயே சொன்னார்: "அர்ஜென்ட் ஜாப். பட் டோன்ட் கட் கார்னர்ஸ்!"

நான் "யெஸ் சார்" என்றேன். டிராயிங்கைப் பார்த்தால் ஒவ்வொரு ஸ்பேசரின் ஓரத்திலும் 45 டிகிரியில் 1 மி.மீ. சேம்ஃபர் போட்டிருந்தது. சேம்ஃபர் என்றால் மூலையைச் சரித்து வெட்டுவதுதானே? சாரோ மூலையை வெட்டாதே என்று சொல்லிவிட்டார். அவசர வேலை என்பதால் சேம்ஃபர் வேண்டாம் என்கிறார் போலும் என்று நானாக முடிவு கட்டினேன். ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "டிப்ளமோ படிக்கிறவனுக்கு இதுகூடப் புரியலையா?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். 12 ஸ்பேசரையும் மூலை வெட்டாமல், பிளேடு மாதிரி ஓரத்தோடு கடைந்து கொடுத்தேன்.

அரை மணி நேரத்தில் சத்தம். அந்தச் சீனத் தொழில்நுட்பர் ஸ்பேசரை உள்ளே தள்ளும்போது ஆள்காட்டி விரல் கிழிந்துவிட்டது. இரண்டு தையல். சூப்பர்வைசர் சார் டிராயிங்கை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "நீங்கதானே சார் கார்னரைக் கட் பண்ண வேண்டாம்னு சொன்னீங்க" என்றேன். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். எனக்கு நின்ற இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

சிரிக்காத ஒரே ஆள், விரலில் கட்டுப் போட்டிருந்தவர்தான்.

நான்கு எழுத்தில் ஒரு விளக்கம்

மறுநாள் டீ இடைவேளையில் அவர் தன் பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தார். இடது பக்கம் ஆங்கிலத் தொடர், வலது பக்கம் சீனத் தொடர், கீழே எந்தச் சமயத்தில் சொல்வார்கள் என்று இரண்டு வரி. அதில் 'கட் கார்னர்ஸ்' என்பதற்கு நேரே நான்கு சீன எழுத்துகள். அவற்றை 'தோ குங் ஜியென் லியாவ்' என்று படித்துக் காட்டினார். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார்: திருடு, வேலை, குறை, பொருள். அதாவது செய்யவேண்டிய வேலையைத் திருடுவது, போடவேண்டிய பொருளைக் குறைப்பது. செலவையோ நேரத்தையோ மிச்சம் பிடிக்கச் செய்முறையில் ஏமாற்றுவதற்குத்தான் ஆங்கிலத்தில் கட் கார்னர்ஸ் என்று பெயர். சூப்பர்வைசர் சார் சொன்னது "அவசரம்தான், அதுக்காக ஏனோதானோன்னு செய்யாதே" என்று. நான் அவர் சொன்னதற்கு நேர் எதிராக வேலை செய்திருக்கிறேன்!

"போன்ல தேடினா அர்த்தம் வருமே, எதுக்கு நோட்டு?" என்று கேட்டேன். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். தெரியாத வார்த்தை வந்தால் போனை எடுப்போம். ஆனால் கட் தெரிந்த வார்த்தை, கார்னரும் தெரிந்த வார்த்தை. எல்லாம் தெரியும்போது தேடவேண்டும் என்று தோன்றவே தோன்றாது. இடியம் என்கிற மரபுத்தொடரின் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கடினமான சொல் நம்மை நிறுத்திக் கேட்க வைக்கும். மரபுத்தொடரோ, புரிந்த மாதிரியே இருந்து கழுத்தறுக்கும்.

பயிற்சி முடியும் வரை தினம் டீ நேரத்தில் அந்த நோட்டைப் பார்ப்பதே எனக்கு வேலை. பிறகு நானாகப் படித்ததையும் சேர்த்துக் கீழே தருகிறேன்.

சீனர்களுக்கு ஆங்கிலத் தொடர் ஏன் சிரமம்?

ஆங்கிலத்துக்காக அவர்கள் படுகிற பாடும் நம் பாடு மாதிரிதான். சீனாவில் 2001-இல் தொடங்கிப் படிப்படியாக மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் சொல்லித்தர ஏற்பாடு ஆனது. அதற்கு முன்பு படித்த பெரும்பாலோருக்கு நடுநிலைப் பள்ளியில்தான் ஆங்கிலம் தொடங்கும். கல்லூரி நுழைவுத் தேர்வின் பெயர் காவ்காவ். காக்கா கத்துகிற மாதிரி இருந்தாலும் பெரிய தேர்வு. அதில் பெரும்பாலான மாநிலங்களில் சீனமொழிக்கு 150, கணக்குக்கு 150, அந்நிய மொழிக்கும் 150 மதிப்பெண். அந்த அந்நிய மொழி பெரும்பாலோருக்கு ஆங்கிலம்தான்.

சீன மொழியில் மரபுத்தொடர்களுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றில் முக்கியமான வகைக்குச் செங்யூ என்று பெயர். பெரும்பாலும் நான்கே எழுத்து. பல தொடர்களுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழைய கதை இருக்கும். கதை தெரிந்தால்தான் தொடர் புரியும். ஆகவே 'சொல் ஒன்று, பொருள் வேறு' என்பது அவர்களுக்குப் புதிதல்ல. சிரமம் வேறு இடத்தில் வருகிறது.

முதலாவது, சீன வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப உருமாறாது. நேற்று போனாலும் நாளை போனாலும் சொல் ஒன்றே. செங்யூவில் ஓர் எழுத்தைக்கூட இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. ஆங்கிலத் தொடரோ அசையும். பர்ன் என்பது பர்ன்ட் ஆகும், பர்னிங் ஆகும். இந்த இடத்தில் நமக்கு லாபம். வாரினான், வாருகிறான், வாருவான் என்று மாற்றிப் பழகியவர்கள் நாம்.

இரண்டாவது, ஏ, த என்கிற குட்டிச் சொற்கள். சீனத்திலும் அவை இல்லை, தமிழிலும் இல்லை. 'கால் இட் ஏ டே' என்பதில் நடுவிலுள்ள 'ஏ' விழுந்தால் தொடரே நொண்டும். இதில் அவரும் நானும் ஒரே பெஞ்ச்.

மூன்றாவதுதான் முக்கியம். ஒரே கருத்துக்கு ஒவ்வொரு நாட்டாரும் ஒவ்வொரு படம் வைத்திருக்கிறார்கள். அந்தப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாதி சிரமம் தீர்ந்துவிடும்.

படம் வேறு, பொருள் ஒன்று

1. கில் டூ பேர்ட்ஸ் வித் ஒன் ஸ்டோன். ஆங்கிலத்தில் ஒரு கல், இரண்டு பறவை. சீனத்தில் ஓர் அம்பு, இரண்டு கழுகு. கி.பி. ஆறாம் நூற்றாண்டில் சாங்சுன் ஷெங் என்ற வில்லாளி, இறைச்சிக்குச் சண்டை போட்ட இரண்டு கழுகுகளை ஒரே அம்பில் வீழ்த்தினார் என்பது கதை. நமக்குப் பறவையும் வேண்டாம், பாவமும் வேண்டாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

2. ஒன்ஸ் இன் ஏ ப்ளூ மூன். எப்போதோ ஒரு தடவை நடப்பது. ஆங்கிலத்தில் நீல நிலா. சீனத்தில் 'தியெ ஷு காய் ஹுவா', அதாவது இரும்பு மரம் பூத்தது. அவர்கள் இரும்பு மரம் என்பது சைக்கஸ் என்ற செடியை. நம்மிடம் அத்தி பூத்தாற்போல. அவருக்கு அத்திப்பூவைப் பற்றிச் சொன்னபோது தொடையில் தட்டிச் சிரித்தார்.

3. ஸ்ப்ரிங் அப் லைக் மஷ்ரூம்ஸ். திடீரென்று நிறையத் தோன்றுவது. இங்கே நாமும் ஆங்கிலேயரும் ஒரே கட்சி, மழைக்கு முளைத்த காளான். சீனர்களுக்கு மழைக்குப் பின் கிளம்பும் மூங்கில் குருத்து. மூங்கில் நாட்டில் வேறென்ன முளைக்கும்?

4. ஒர்க் லைக் ஏ ஹார்ஸ். கடுமையாக உழைப்பது. இங்கிலாந்தில் வண்டிக்கும் ஏருக்கும் குதிரை கட்டினார்கள், அதனால் குதிரை. சீனத்தில் உழைப்பாளியைக் கிழட்டு மஞ்சள் மாடு என்பார்கள். நாமும் மாடாய் உழைத்தான் என்கிறோம். ஏர் பூட்டிய மாட்டைப் பார்த்து வளர்ந்த இரண்டு நாட்டுக்காரர்கள் ஒரே மாதிரி பேசுகிறோம்.

5. ஸ்பெண்ட் மணி லைக் வாட்டர். நாமும் தண்ணீராய்ச் செலவழித்தான் என்போம். சீனத்தில் பொன்னை மண்ணாய் வீசுதல்.

6. கிரீன் வித் என்வி. பொறாமைப்பட்டால் ஆங்கிலேயனுக்கு நிறம் பச்சை. சீனருக்குக் கண் சிவக்கும். நமக்கு வயிறு எரியும். கண் சிவந்தால் நாம் கோபம் என்று நினைத்துவிடுவோம், கவனம்.

7. ஏ பீஸ் ஆஃப் கேக். மிகச் சுலபம். ஆங்கிலத்தில் ஒரு துண்டு கேக், சீனத்தில் ஒரு தட்டு தொட்டுக்கை, தமிழில் அல்வா சாப்பிடுவது மாதிரி. மூன்று பேரும் சாப்பாட்டில்தான் நிற்கிறோம். ஆனால் அல்வா 'கொடுத்தான்' என்றால் கதை வேறு என்று நான் விளக்கியதும், அதையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

8. பட்டர் அப். காரியத்துக்காக ஒருவரைப் புகழ்வது. ஆங்கிலத்தில் வெண்ணெய் தடவுவார்கள். சீனத்தில் குதிரையின் பின்பக்கத்தைத் தட்டிக்கொடுப்பார்கள். நாம் ஐஸ் வைப்போம், காக்கா பிடிப்போம். இன்டர்னல் மார்க் நேரத்தில் இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை.

9. காஸ்ட் பேர்ல்ஸ் பிஃபோர் ஸ்வைன். அருமை தெரியாதவர் முன் அரியதை வைப்பது. ஆங்கிலத்தில் பன்றி முன் முத்து. நம்மிடம் கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. சீனத்தில் 'துய் நியூ தான் சின்', மாட்டுக்கு முன் யாழ் வாசித்தல். இதன் கதையை நானாகப் பிறகு படித்தேன். யாழ் வாசித்தவர் பெயர் குங்மிங் யீ. உயர்ந்த இசை வாசித்தார். மாடு தலை நிமிராமல் புல் தின்றது. அப்புறம் கொசு ரீங்காரம் மாதிரியும், தாயைப் பிரிந்த கன்று கத்துவது மாதிரியும் வாசித்தார். உடனே மாடு வாலை ஆட்டி, காதை நிமிர்த்திக் கேட்டதாம். தொடரில் மாட்டைக் கேலி செய்கிறார்கள். கதையை முழுதாகப் படித்தால் எனக்கு மாட்டின் மேல் கோபம் வரவில்லை. அதற்குத் தெரிந்த சத்தத்தில் சொன்னதும் அது கேட்டதே!

படம் ஒன்று, பொருள் வேறு

இதுதான் உண்மையான பள்ளம். இரண்டு மொழியில் ஒரே படம் வரும். ஒரே பொருள் என்று நம்பி இறங்கினால் என் ஸ்பேசர் கதைதான்.

1. புல் சம்ஒன்ஸ் லெக். ஆங்கிலத்தில் விளையாட்டாகக் கலாய்ப்பது. சீனத்தில் 'பின்னங்காலைப் பிடித்து இழுத்தல்' என்று ஒன்று உண்டு. அதற்குப் பொருள் முன்னேற விடாமல் தடுப்பது. நம் ஊரில் காலை வாரிவிட்டான் என்றால் நம்ப வைத்துக் கவிழ்த்துவிட்டான். ஒரு கால், மூன்று அர்த்தம். ஆங்கிலம் பேசுகிறவர் "ஐ ஆம் ஜஸ்ட் புல்லிங் யுவர் லெக்" என்றால் சண்டைக்குப் போகாதீர்கள். சும்மா தமாஷ் என்கிறார்.

2. ஈட் ஒன்ஸ் வேர்ட்ஸ். சொல்லைத் தின்னுதல். ஆங்கிலத்தில், தான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொள்வது. சீனத்தில் 'ஷி யென்', எழுத்துக்கு எழுத்து அதே சொல்லைத் தின்னுதல்தான். ஆனால் பொருள் கொடுத்த வாக்கை மீறுவது, நாம் பேச்சு மாறுவது என்கிறோமே அது. ஒன்று நேர்மை, மற்றது ஏமாற்று. ஒப்பந்தம் பேசும் இடத்தில் மாறிப்போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

3. பீட் அபௌட் த புஷ். புதரைச் சுற்றி அடித்தல். விஷயத்துக்கு வராமல் சுற்றி வளைத்துப் பேசுவது. சீனத்தில் 'புல்லை அடித்துப் பாம்பை உசுப்புதல்' உண்டு. பார்க்க ஒன்று போல இருக்கும். அதன் பொருள் அவசரப்பட்டு எதிராளியை உஷார்ப்படுத்திவிடுவது. வைவாவில் பதில் தெரியாமல் நாம் செய்வதெல்லாம் ஆங்கிலப் புதர்தான், சீனப் புல் அல்ல.

4. லாக் த ஸ்டேபிள் டோர் ஆஃப்டர் த ஹார்ஸ் ஹேஸ் போல்ட்டட். குதிரை ஓடிய பிறகு லாயத்தைப் பூட்டுவது. இனி என்ன பயன் என்று பொருள். எங்கள் அப்பாயி சொல்லும் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமும் இதே கட்சி. சீனத்தில் 'வாங் யாங் பு லாவ்', ஆடு போன பிறகு பட்டியைச் சரிசெய்வது. மூன்றும் ஒன்று என்றுதான் நான் சொன்னேன். சீனத் தொழில்நுட்பர் "நோ நோ, தம்பி" என்று தலையாட்டினார்.

கதை இது. போர்நாடுகள் காலத்தில் சூ நாட்டு அரசனுக்கு ஜுவாங் சின் என்ற அமைச்சர் புத்தி சொன்னார். அரசன் கேட்கவில்லை. எதிரி நாடு வந்து தலைநகரையே பிடித்துக்கொண்டது. ஓடிப்போன அரசன் அமைச்சரைக் கூப்பிட்டு இனி என்ன செய்வது என்று கேட்டான். ஆடு போன பிறகாவது பட்டியைச் சரிசெய்தால் காலம் கடந்துவிடவில்லை என்று அவர் தைரியம் சொன்னார். மீதி ஆடாவது மிஞ்சுமே! ஆங்கிலமும் தமிழும் 'போச்சு, விடு' என்கிற இடத்தில், சீனம் 'போனது போகட்டும், பட்டியைக் கட்டு' என்கிறது. கட்டுப் போட்ட விரலோடு அவர் இதைச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அன்று மதியமே சூப்பர்வைசர் சாரிடம் கேட்டு, அந்த 12 ஸ்பேசருக்கும் நானே சேம்ஃபர் போட்டுக் கொடுத்தேன்.

வேலைக்குப் போகுமுன் தெரிய வேண்டியவை

நேர்முகத் தேர்விலும் ஷாப் ஃப்ளோரிலும் அடிக்கடி காதில் விழுபவை சில:

கால் இட் ஏ டே: இன்றைக்கு வேலை போதும், முடிப்போம். சீனத்தில் வேலையைச் சேகரித்தல் என்பார்கள். நாம் கடையைக் கட்டுவோம். அப்பாவைக் கேட்டேன், "கரணையைக் கழுவுடாம்போம்" என்றார்.

பர்ன் த மிட்நைட் ஆயில்: இரவில் நெடுநேரம் கண் விழித்துப் படிப்பது அல்லது உழைப்பது. சீனத்தில் 'காய் யெ செ', இரவு வண்டி ஓட்டுதல். ஹாஸ்டல்காரர்களுக்குத் தேர்வுக்கு முதல் நாள் ஓடுகிற வண்டி.

லேர்ன் த ரோப்ஸ்: புது வேலையின் நெளிவு சுளிவு கற்பது. பாய்மரக் கப்பலில் எந்தக் கயிறு எதற்கு என்று பழகியதிலிருந்து வந்தது என்பார்கள். சீனத்தில் வாசலுக்குள் நுழைதல்.

ஹிட் த நெயில் ஆன் த ஹெட்: மிகச் சரியாகச் சொல்வது. ஆங்கிலத்தில் ஆணித் தலையில் அடி, சீனத்தில் ஒரே ஊசிக் குத்தில் ரத்தம், நம்மிடம் நெத்தியடி.

எப்படிப் படிப்பது?

அந்த நோட்டு முறையையே நான் பின்பற்றுகிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

முதலில் தொடரை முழுதாக எழுதுங்கள். குட்டிச் சொல்லைக்கூட விடாதீர்கள். இரண்டாவது, எந்தச் சமயத்தில், யார் யாரிடம் சொன்னார்கள் என்று ஒரு வரி. சமயம் தெரியாத தொடர் சாவி இல்லாத பூட்டு. மூன்றாவது, வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்க்காமல், அதே சமயத்தில் நம் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று கேட்டு எழுதுங்கள். நான்காவது, ஏமாற்றும் தொடராக இருந்தால் சிவப்பு மையில் ஒரு கோடு போடுங்கள். வாரம் ஐந்து தொடர் போதும். ஓர் ஆண்டில் ஐம்பது வாரம் என்று வைத்தால் 250 தொடர்.

ஒரு எச்சரிக்கை. கற்றதையெல்லாம் இன்டர்வியூவில் கொட்டாதீர்கள். பேசும்போது நேரான ஆங்கிலம் போதும். அடுத்தவர் சொன்னால் புரிய வேண்டும், அதற்குத்தான் இந்தப் படிப்பு.

கடைசியாக ஒன்று

ஆங்கிலம் தன் தொடர்களையெல்லாம் சொந்தமாகவே செய்துகொண்டது என்று நினைக்காதீர்கள். வெளியில் உறுமி உள்ளே ஒன்றுமில்லாதவனை ஆங்கிலத்தில் பேப்பர் டைகர் என்கிறார்கள். அது சீனத்தின் காகிதப் புலி. 1946-இல் மாவோ ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளரிடம் சொன்ன பிறகு உலகமெல்லாம் பரவியது. மானம் போவதை ஆங்கிலத்தில் லூஸ் ஃபேஸ் என்பார்கள். அதுவும் 19-ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து போனதுதான். முகத்தைத் தொலைத்தல் என்று பொருள். நம் கட்டுமரம்கூட ஆங்கிலத்தில் கேட்டமரான் ஆகி மிதக்கிறது. அவர்கள் நம்மிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நாம் மட்டும் கேட்க ஏன் வெட்கப்பட வேண்டும்?

அன்று முகம் தொலைந்துவிடும் என்று பயந்துதான் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு ஒரு நிமிஷம் முகம் வாடியிருக்கும், அவ்வளவுதான். கேட்காததால் இன்னொருவர் விரலில் இரண்டு தையல்.

பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். "அந்தச் சீனாக்காரருக்குக் காயம் ஆறிடுச்சா?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு அந்த நான்கு எழுத்தைச் சொன்னேன். வேலையைத் திருடு, பொருளைக் குறை. அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இது நாங்க சொல்றதுதானேடா. சிமெண்டைக் குறைச்சு மணலைக் கூட்டினா, கலவைல கை வெச்சுட்டான்னு சொல்வோம்."

நான் இரண்டு வருஷம் ஆங்கிலப் பாடம் படித்தும் தெரியாத கட் கார்னர்ஸ், பள்ளிக்கூடம் அதிகம் போகாத அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரியாதது அதன் ஆங்கிலப் பெயர் மட்டும்தான். வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது வாராவாரம் ஐந்து தொடரை எழுதிக்கொண்டு போய், இந்தச் சமயத்தில் நாம் என்ன சொல்வோம் என்று அப்பாவையும் அம்மாவையும் அப்பாயியையும் கேட்கிறேன். மூன்றாவது வரியை அவர்கள்தான் நிரப்புகிறார்கள்.

நீங்களும் கேட்டுப் பாருங்கள் நண்பர்களே. நோட்டு நிரம்பினால் எனக்கும் காட்டுங்கள். சேர்த்து எழுதிக்கொள்கிறேன்.



— மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு